மருந்துக்குப் பிறகுதான் மைதானம்

(புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011 மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர்கள் இந்த அவையிலும் சிலர் இருப்பீர்கள். உலகக் கோப்பையில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய நாள். பங்குனி வெயில். யுவராஜ் சிங் ஆடிக்கொண்டிருக்கிறார். நடுநடுவே குனிந்து இருமுகிறார், களத்திலேயே வாந்தி எடுக்கிறார், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் மட்டையைப் பிடிக்கிறார். 113 ரன் அடித்தார். பிறகு பந்து வீச வந்து இரண்டு விக்கெட்டும் எடுத்தார். ஆட்ட நாயகன் அவர்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே நாம் வீட்டுக்குப் போனோம். அந்தத் தொடர் முழுவதும் அவர் எடுத்தது 362 ரன், 15 விக்கெட். தொடர் நாயகன் விருதும் அவருக்கே. இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் கட்டி ஒன்று இருந்தது என்பது நாட்டுக்குத் தெரிய வந்தது 2012 தொடக்கத்தில். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் மூன்று சுற்று கீமோதெரபி எடுத்துக்கொண்டார். 2012 செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தில் மறுபடியும் இந்தியாவுக்காக இறங்கினார். 26 பந்தில் 34 ரன். இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அன்றைக்கு அந்தத் தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

இந்த மாதிரிக் கதைகளை நாம் ஒரே ராகத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். வீரருக்கு மன உறுதி இருந்தது, அதனால் நோய் தோற்று ஓடியது என்போம். நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் அதையே சொல்கிறோம்: தைரியமாக இருங்கள், யுவராஜே மீண்டு வந்துவிட்டார், உங்களால் முடியாதா? அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கொடுமை இருக்கிறது. மீண்டு வராதவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்றல்லவா அதற்குப் பொருளாகிறது? இந்த அவையில் அப்பாவையோ அக்காவையோ பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். அவர்களுடைய உறுதியில் எந்தக் குறையும் இல்லை. யுவராஜைக் காப்பாற்றியது மருந்து. அவருடைய உறுதிக்கு வேலை வந்தது மருந்து தன் வேலையை முடித்த பிறகு. இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்த மருந்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைதானத்தில் நடந்த எந்த ஆட்டத்துக்கும் அது குறைந்ததில்லை.

யுவராஜுக்கு வந்தது செமினோமா என்னும் வகை. பொதுவாக ஆண்களின் விரையில் வருகிற புற்று அது. நெஞ்சுக்குள் எப்படி வந்தது? கரு வளரும்போது இனவிருத்திச் செல்கள் உடலுக்குள்ளேயே இடம் பெயர்ந்து தாம் சேர வேண்டிய இடத்துக்குப் போகின்றன. போகிற வழியில் சில நின்றுவிடுவதுண்டு என்றும், நெஞ்சின் நடுப்பகுதியில் அப்படித் தங்கியவை பிற்காலத்தில் கட்டியாகலாம் என்றும் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். இந்தக் குடும்பத்துப் புற்றுகள் உடல் முழுக்கப் பரவிவிட்டால், 1970களின் தொடக்கம் வரை நூற்றுக்குப் பத்துப் பேர் பிழைப்பதே அரிது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயது இளைஞர்கள்.

1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியல் அறிஞர் இருந்தார். புற்றுநோய்க்கு மருந்து தேடுவது அவர் நோக்கமே இல்லை. செல்கள் இரண்டாகப் பிரிவதை மின்சாரம் பாதிக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். பாக்டீரியாக்கள் மிதக்கும் கரைசலுக்குள் பிளாட்டினக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் விசித்திரம். ஈ. கோலை பாக்டீரியா பிரியாமல் வளர்ந்துகொண்டே போகிறது. வழக்கமான நீளத்தைப்போல 300 மடங்கு வரை, நூல் நூலாக. சாகவில்லை, வளர்கிறது, ஆனால் இரண்டாகப் பிரிய முடியவில்லை. மின்சாரத்தின் வேலை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்ததில், கம்பியிலிருந்து துளித்துளியாகக் கரைந்த பிளாட்டினம், கரைசலோடு சேர்ந்து உண்டாக்கிய ஒரு பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. 1965இல் அதை வெளியிட்டார். அந்தப் பொருள் வேதியியலாருக்குப் புதிதல்ல. 1840களிலேயே இத்தாலியரான பெய்ரோன் அதைத் தயாரித்திருந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒருவருக்கும் மருந்தாகத் தெரியவில்லை. செல் பிரிவதைத் தடுக்கும் என்றால், ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுச் செல்லையும் தடுக்குமே என்று ரோசன்பெர்க் நினைத்தார். 1969இல் எலிகளின் கட்டிகள் அந்த மருந்தில் சுருங்கியதை உலகுக்குச் சொன்னார்.

அதுதான் சிஸ்பிளாட்டின். இன்று நம் அரசு மருத்துவமனைகளின் கீமோ வார்டில் தினமும் ஏறுகிற மருந்து. இந்த அவையிலேயே பலருடைய நரம்பில் அது ஓடியிருக்கும்.

1974இல் இண்டியானாபோலிஸில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து ஜான் க்ளீலண்ட் என்ற இளைஞருக்கு ஏற்றினார். விரைப் புற்று முற்றிப் பரவியிருந்தது, அதுவரை கொடுத்த மருந்துகள் எல்லாம் கைவிட்டிருந்தன. சில வாரங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. க்ளீலண்ட் பின்னாளில் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக வேலை பார்த்தார், பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். பத்துப் பேரில் ஒருவர் பிழைத்த இடத்தில் எட்டுப் பேர் பிழைக்கிற காலம் பிறந்தது. முப்பத்தெட்டு ஆண்டு கழித்து யுவராஜ் சிங் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்ததும் இதே ஐன்ஹார்னிடம்தான்.

இப்போது இங்கிலாந்துக்கு வாருங்கள். பாப் சாம்பியன் ஒரு ஜாக்கி. தட்டையான தரையில் ஓடும் பந்தயம் இல்லை, வேலிகளைத் தாண்டும் பந்தயம். அந்த உலகத்தில் ஒரே கனவுதான்: லிவர்பூல் நகரை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல். ஏழு கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம், முப்பது வேலிகள். சில வேலிகளில் தாவுகிற பக்கத்தைவிட இறங்குகிற பக்கம் பள்ளம். பெச்சர்ஸ் புரூக் என்ற வேலியின் பெயரைச் சொன்னாலே ஜாக்கிகளுக்கு வயிறு கலங்கும். சாம்பியன் சவாரி செய்துவந்த குதிரைகளில் ஒன்று ஆல்டனிட்டி. அதை வளர்த்தவருக்கு நான்கு பேரப்பிள்ளைகள். அந்த நான்கு பெயர்களின் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளைக் கோத்துக் குதிரைக்குப் பெயர் வைத்தார். இந்தக் குதிரையில் ஒரு நாள் கிராண்ட் நேஷனலை வெல்வேன் என்று சாம்பியன் பல ஆண்டுகளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

1979 ஜூலையில் அவருக்கு விரைப் புற்று என்று தெரிந்தது. வயது 31. சிகிச்சை எடுக்காவிட்டால் சில மாதங்கள்தான் என்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள். சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1978 டிசம்பரில். ஐந்தாறு ஆண்டு முன்னால் இந்த நோய் வந்திருந்தால், எத்தனை பெரிய மனோதிடம் உள்ள ஜாக்கியாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை அவருக்குச் சிகிச்சை கொடுத்தது. இன்று கீமோவுக்கு முன்னால் வாந்தியைத் தடுக்க ஊசி போடுகிறார்கள். அந்த ஊசிகள் அப்போது வந்திருக்கவில்லை. சிஸ்பிளாட்டின் ஏறினால் வாந்தி நிற்காது. சிறுநீரகம் கெடாமல் இருக்க லிட்டர் கணக்கில் உப்புநீர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடி கொட்டியது, எடை சரிந்தது, நோய்த்தொற்று வந்து பாடாய்ப் படுத்தியது. குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்கிற விரல்களில் உணர்ச்சி மங்குவது இந்த மருந்தின் இன்னொரு குணம். இத்தனைக்கும் நடுவில், அவர் சவாரி செய்த குதிரைகளின் பயிற்சியாளர் ஜோஷ் கிஃபோர்ட் செய்த ஒரு காரியம் என் மனதில் நிற்கிறது. நீ எப்போது வந்தாலும் உன் வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே வைத்திருந்தார். புற்றுநோய் வந்தவர்களைக் கம்பெனிகள் எப்படி நடத்துகின்றன என்பதை இங்கே இருக்கிற பலர் அனுபவத்தில் அறிவீர்கள். நோயாளிக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

அதே 1979 நவம்பரில் ஆல்டனிட்டியின் கால் தசைநார் பந்தயத்தில் அறுந்தது. ஏற்கெனவே அடிபட்ட கால். கருணைக் கொலை செய்துவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. சொந்தக்காரரான எம்பிரிகோஸ் குடும்பம் சம்மதிக்கவில்லை. குதிரையைத் தங்கள் பண்ணைக்கே கொண்டுபோய் மாதக்கணக்கில் கொட்டடியில் அசையாமல் நிறுத்திப் பராமரித்தார்கள்.

சாம்பியன் 1980இல் அமெரிக்காவில் சவாரியை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. வெற்றி வரத் தொடங்கவே காலம் பிடித்தது. மருந்துக்குப் பிறகு உறுதிக்கு வேலை வருகிறது என்றேனே, அது இந்த இடம். மருத்துவமனைப் படுக்கையில் மருந்து ஏறும்போது உங்கள் மன உறுதி கட்டியைச் சுருக்காது. ஆனால் சிகிச்சை முடிந்த பின், காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு நிமிடம் நடந்தாலே மூச்சு வாங்கும் உடம்பை மூன்றாவது நிமிடத்துக்கு அழைத்துப் போவதை எந்த மருந்தும் செய்து தராது.

1981 ஏப்ரல் 4, கிராண்ட் நேஷனல் நாள். அந்த ஆண்டில் ஆல்டனிட்டி அதற்கு முன் ஓடியிருந்தது ஒரே ஒரு பந்தயம். 39 குதிரைகள் புறப்பட்டன. முதல் வேலியிலேயே ஆல்டனிட்டி தேவைக்கு மேல் தாவிவிட்டது. இறங்கும்போது முன்னங்கால்கள் மடங்கி, மூக்கு புல்லைத் தொடுகிற அளவுக்குப் போய்விட்டது. சாம்பியன் உடம்பைப் பின்னால் சாய்த்து, கடிவாளத்தை முழு நீளத்துக்கு விட்டுக் கொடுத்தார். பயத்தில் இழுத்துப் பிடித்திருந்தால் குதிரை தலையைத் தூக்க வழியில்லாமல் விழுந்திருக்கும். அது தானாகச் சமாளித்து எழுந்தது. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே முன்னிலைக்கு வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முன்னால் போவது ஆபத்து என்பார்கள். கடைசியில் துரத்தி வந்தது ஸ்பார்ட்டன் மிஸைல். அதன் மேல் இருந்தவர் 54 வயது ஜான் தோர்ன். தொழில்முறை ஜாக்கி இல்லை, ஆசைக்குச் சவாரி செய்கிறவர். குதிரையும் அவருடையது, வளர்த்ததும் அவரே. நான்கு குதிரை நீளத்தில் ஆல்டனிட்டி வென்றது. 39இல் பந்தயத்தை முடித்தவை 12. ஜெயித்த கையோடு சாம்பியன் பேசியது மருத்துவமனைகளில் படுத்திருக்கும் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் பற்றி. 1983இல் அவர் பெயரில் அறக்கட்டளை பிறந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத் தொடங்கியது.

ஜான் தோர்னையும் மறந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் அது வாழ்நாள் கனவு. அடுத்த ஆண்டே ஒரு பந்தயத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய பெயரைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 1996இல், 25 வயதில், விரைப் புற்று நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில் அவர் போய்ச் சேர்ந்ததும் அதே இண்டியானாபோலிஸ்தான். சிஸ்பிளாட்டினோடு வழக்கமாகச் சேர்க்கும் மருந்துகளில் ஒன்று பிளியோமைசின். அது நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. சைக்கிள் வீரருக்கு நுரையீரல்தான் எல்லாம். அங்கிருந்த மருத்துவர்கள் அதற்குப் பதிலாக வேறொரு மருந்தைச் சேர்த்தார்கள். வாந்தியும் களைப்பும் அதில் கூடுதல், ஆனால் நுரையீரல் தப்பும். இந்த ஒரு முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். இவன் பிழைத்த பிறகு என்ன செய்ய ஆசைப்படுகிறான் என்று மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள், அதை வைத்துச் சிகிச்சையை யோசித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி மாற்ற முடியாது, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் ஓடுகிறவரா, பாடுகிறவரா, நாதஸ்வரம் வாசிக்கிறவரா என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் நோயாளி வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற மாமாதான் பேசுகிறார்.

அதன் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்றார், ஊக்கமருந்து அம்பலமாகி 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன, 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். உலகம் முழுக்கப் படுக்கையில் இருந்த நோயாளிகள் அவர் கதையைப் பற்றிக்கொண்டு இருந்தார்கள். மன உறுதி இருந்தால் இப்படியெல்லாம் மலை ஏறலாம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குச் செய்த துரோகத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு நேர் எதிராக ஒருவரை எனக்குப் பிடிக்கும். நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன். நீச்சல் வீரர். 2001இல், இருபது வயதை ஒட்டி, ரத்தப் புற்றுநோய். கீமோ, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, பிறகு மறுபடி தண்ணீர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல்முறையாகத் திறந்த நீர்ப்பரப்பில் 10 கிலோமீட்டர் நீச்சல் சேர்க்கப்பட்டது. கடைசிக் கட்டம் வரை சக்தியைச் சேமித்து வைத்து, இறுதியில் முந்தி, ஒன்றரை விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். பத்திரிகையாளர்கள் எல்லோரும் எதிர்பார்த்த வசனத்தை அவர் பேசவில்லை. நேர்மறையாக நினைத்தால் பிழைக்கலாம் என்று சொல்வது ஆபத்தானது, அப்படியானால் செத்தவர்கள் சரியாகப் போராடவில்லை என்றாகிவிடும் என்றார். நான் போராடவில்லை, படுத்துக்கொண்டு மருத்துவர்களிடம் என்னை ஒப்படைத்தேன் என்றார். தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதைச் சொல்ல எத்தனை நேர்மை வேண்டும்!

அவர் பின்னாளில் செய்ததும் இதனோடு ஒட்டியதுதான். ஃப்ரீஸ்லாந்து பகுதியில் பதினொரு ஊர்களை இணைக்கும் கால்வாய்கள் உறைந்தால், சுமார் 200 கிலோமீட்டர் பனிச்சறுக்கு நடக்கும். கடைசியாக நடந்தது 1997இல். அந்தப் பாதையை 2018இல் நீந்திக் கடக்க இறங்கினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. 55 மணி நேரம், 163 கிலோமீட்டர். அதற்கு மேல் முடியவில்லை, கரைக்குத் தூக்கினார்கள். 2019 ஜூனில் திரும்பப் போய் மூன்று நாளுக்கு மேல் நீந்தி முடித்தார். பல லட்சம் யூரோ சேர்ந்தது. உறுதியைக் காட்ட வேண்டிய இடம் எது என்று தெரிந்த மனிதர். தான் பிழைத்ததைத் தன் சாதனையாக எழுதிக்கொள்ளாமல், அடுத்தவனுக்கு மருந்து கிடைக்க அந்த உறுதியைச் செலவிட்டார்.

சிகிச்சை முடித்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாரத்தான் ஓட வேண்டும், ஊர்க் கபடி அணியில் மறுபடி இறங்க வேண்டும், நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்க வேண்டும் என்று ஆசை இருந்தால், அதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்ததே பெரிது, சும்மா இரு என்பார்கள். பிழைத்தது சும்மா இருப்பதற்கு இல்லை. ஆனால் முதலில் உங்கள் மருத்துவரிடம் எந்தெந்த மருந்து எவ்வளவு ஏறியது என்று எழுதி வாங்குங்கள். சில மருந்துகள் இதயத்தைத் தொடும், சில நுரையீரலை, சில விரல் நுனி நரம்புகளை. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் முதலில் ஓடாதீர்கள், நடங்கள், கால் ஊன்றும் பயிற்சி எடுங்கள். பிளியோமைசின் ஏறியிருந்தால், எத்தனை ஆண்டு கழித்து எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. நான் இன்று சொன்ன நான்கு வீரர்களில் மூவருக்கு வந்தது ஒரே குடும்பத்து நோய். மேல்நாடுகளைவிட நம் நாட்டில் இது குறைவு, ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண் பிள்ளைகள். விரையில் வலியில்லாத சிறு கட்டி, ஒரு பக்கம் கனமாக இருப்பது போன்ற உணர்வு, இவைதான் அறிகுறி. வலிக்காததால் காட்ட மாட்டான். வலித்தாலும் வெட்கத்தில் சொல்ல மாட்டான். அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பாவிடம் பயம். உங்களிடம் சொல்வான், நீங்கள் ஒரு முறை வாய் திறந்தால். வகுப்பறையில் வேண்டாம், மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். குளிக்கும்போது மாதம் ஒரு முறை தொட்டுப் பார், வித்தியாசம் தெரிந்தால் என்னிடம் வா என்று சொல்லுங்கள். ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் போதும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிற நோய் இது. பிறந்த குழந்தைக்கு விரை இறங்கவில்லை என்றால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

எப்படித் தொட்டுப் பார்ப்பது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை எனக்கு அடுத்துப் பேசப்போகும் மருத்துவர் படம் போட்டு விளக்குவார். கைப்பிரதிகள் வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒன்றோடு நிறுத்தாமல், உங்கள் பள்ளி ஓய்வறையில் ஒட்டுவதற்கும் சேர்த்து எடுத்துப் போங்கள்.